போயிட்டு வரேன் என்று சொன்னவள்

அன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் என் மனைவி வாசல் கதவின் கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். சமையலறையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, ஒரு துணித் துண்டை அதில் முக்கி, மேல் கீலிலும் கீழ்க் கீலிலும் பிழிந்தாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். சத்தம் நின்றிருந்தது.

"அங்கேதான் நாள் முழுக்க கிறீச் கிறீச்னு உயிரை வாங்குது. வீட்லயாவது நிம்மதியா இருக்கணும்" என்றாள்.

"எண்ணெய்க் கையோட பிடியைத் தொடாதே."

"தொட்டா என்ன? அதுவும் கொஞ்சம் வழுக்கட்டும்."

என் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள். "போயிட்டு வரேங்க" என்றாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் உடலை எனக்குத் தர மறுத்தார்கள். நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தையும் சாவையும் அச்சடித்தே என் காலம் போயிற்று. இது என் வீட்டுச் செய்தி. மேலிடம் நாம் சொல்வதைத்தான் நம்புமாம். எழுதுவதைப் பற்றி இதுவரை உத்தரவு எதுவும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மேலிடம் வந்த கதையைப் பின்னால் வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் நகரத்துக்கு மேலே ஒன்று வந்து நின்றது. ஊரையே மூடும் அளவு பெரியது, சாம்பல் நிறம், ஜன்னலும் இல்லை, வாசலும் இல்லை. ராணுவம் சுட்டது. குண்டுகள் மேலே போய், சற்று யோசித்துவிட்டு, இறகுபோல மெல்லக் கீழே இறங்கின. அன்று மாலை அதற்குள்ளிருந்து ஒரு குரல் நம் மொழியிலேயே ஒரு வாக்கியம் சொன்னது: "நீங்கள் சொல்வதை நாங்கள் நம்புகிறோம்."

அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது. யார் அவர்கள், எதற்கு வந்தார்கள், உள்ளே இருக்கிறார்களா, எதுவும் தெரியாது.

ஆனால் அரசாங்கம் நடத்த ஒரு வாக்கியம் தாராளம். அமைச்சரவை உடனே சரணடைந்தது. மேலே இருப்பவர்கள் எதையும் கேட்காததால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள். மேலிடத் தொடர்பு அலுவலகம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பும் எந்த அலுவலகத்தில் போய் எதைக் கேட்டாலும் "மேலிடத்துல கேக்கணும்" என்றுதான் பதில் வரும். இப்போது அதைச் சொல்லும்போது விரலை மேலே காட்டினார்கள்.

அந்த ஒற்றை வாக்கியம் சட்டங்களாகக் குட்டி போட்டது. நாம் சொல்வதை மேலிடம் நம்புகிறது. நாம் சொன்னது பொய்யானால் மேலிடம் ஏமாந்ததாகிவிடும். மேலிடத்தை ஏமாற்றுவது துரோகம். ஆகவே ஒருவர் வாயால் சொன்ன எதையும் பொய்யாக்க யாருக்கும் உரிமை இல்லை. சாலைகள் நன்றாக இருக்கின்றன என்று அமைச்சர் சொன்னார். அதன்பிறகு பள்ளத்தில் விழுந்தவர்கள் எல்லாம் தாங்களாக விரும்பிப் படுத்தவர்கள் ஆனார்கள். வீட்டுக்கு வீடு கேட்கும் குழாய் பொருத்தினார்கள். மேலிடத்துக்குத்தான் எல்லாம் தானாகக் கேட்குமே, குழாய் எதற்கு என்று எங்கள் தெரு தையல்காரர் கேட்டார். "மேலிடத்துக்கு என்ன கேக்குதுன்னு எங்களுக்குக் கேக்க வேணாமா?" என்று பொருத்த வந்தவன் சொன்னான்.

அலுவலகத்துக்குள் யார் பேசினாலும் அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டும். ஆண்டுக்கணக்கில் அண்ணாந்த மூத்த அதிகாரிகளுக்குக் கழுத்து போயிற்று, பட்டை போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கழுத்துப்பட்டையே பதவிச் சின்னமாகிவிட்டது. வேலையில் சேர்ந்த வாரமே, கழுத்து கல்லுப்போல இருக்கும்போதே, பட்டை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

என் மனைவிக்கு அந்த அலுவலகத்தின் கோபுரத்தில் வேலை. கோபுரத்து உச்சியில் ஒரு வரவேற்புக் கூடம் கட்டியிருந்தார்கள். மேலிடத்தார் என்றாவது கதவு திறந்து இறங்கினால் உட்கார இடம் வேண்டுமே. அவர்களுடைய உருவம் தெரியாததால் எல்லா உருவத்துக்கும் நாற்காலி செய்து போட்டிருந்தார்கள். வால் விட ஓட்டை வைத்த நாற்காலி, நீரில் வாழ்பவர்களானால் தொட்டி, தொங்குகிறவர்களானால் கொக்கி. எல்லாவற்றையும் தினமும் துடைப்பது அவள் வேலை.

"அவங்களுக்கு உட்கார்ற இடம்னு ஒண்ணு இருக்கோ இல்லையோ, இவங்க ஓட்டை போட்டு வெச்சிருக்காங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கூடத்துக்கு ஏறிப்போக நான்கு பக்கமும் கம்பி வைத்த ஒரு மேடை. அலுவலகப் பெயர் ஏற்றமேடை. வேலைக்காரர்கள் அதைத் தூக்குமேடை என்றார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் சக்கரம் பல் கூசும்படி கிறீச்சிட்டது. எண்ணெய் வறண்ட சக்கரம் அப்படித்தான் கத்தும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும், காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் கோபுரத்துப் பக்கம் வருவார்கள். ஆனால் என்றோ ஒருநாள், மேலிடம் நெடுநாளாகப் பேசவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஓர் இயக்குநர், அந்தச் சத்தத்தைக் கேட்டு, "பேசுகிறார்கள்!" என்று சொல்லிவிட்டார். சொன்னது பொய்யாகக் கூடாதே. அன்றிலிருந்து அது மேலிடத்துக் குரல். அதை மொழிபெயர்க்க ஒரு பிரிவு, மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க இன்னொரு பிரிவு. "மகிழ்ந்தோம்", "மிக மகிழ்ந்தோம்" என்று வாராவாரம் வெளியிட்டார்கள். எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம்.

எண்ணெய் விடச் சொல்லி என் மனைவி மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள். "பேசுறவங்க வாயில எண்ணெய் ஊத்தச் சொல்றியா?" என்று அவர் பதறிப்போனாராம்.

அன்று காலை மேடை உச்சிக்குப் பாதி தூரத்தில் அறுந்து விழுந்தது. அதில் மூன்று பேர் இருந்தார்கள்: என் மனைவி, மேடையை இயக்குகிறவர், ஒரு பெயிண்டர்.

எனக்குச் செய்தி கொண்டுவந்தவள் என் மச்சினி. அவள் பஸ் கண்டக்டர். அவளுடைய பஸ் அந்த நேரத்தில் கோபுரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. காக்கிச் சட்டையோடு, டிக்கெட் பை தோளில் தொங்க, அச்சகத்துக்குள் வந்து நின்றாள். "மாமா" என்றாள். கோத்துக்கொண்டிருந்த எழுத்துகளை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் நாங்கள் இருவரும் தொடர்பு அலுவலகத்துக்குப் போனோம். பொருள் விளக்க அதிகாரி என்பவரிடம் அனுப்பினார்கள். அவர் பட்டை போட்ட கழுத்தோடு கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்களும் ஃபேனைப் பார்த்தோம்.

"உங்க மனைவி காலையில என்ன சொல்லிட்டுக் கிளம்பினாங்க?"

"போயிட்டு வரேன்னு சொன்னாங்க சார்."

"குழாய்லயும் அப்படித்தான் இருக்கு. ரொம்ப சந்தோஷம்."

"சார், உடம்பைக் கொடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணிடுவோம்."

"யாரோட உடம்பை?"

"என் மனைவியோட."

"அவங்கதான் வரேன்னு சொல்லியிருக்காங்களே" என்றார் அதிகாரி, ஃபேனிடம்.

மச்சினிக்குப் பொறுக்கவில்லை. "சார், அக்கா செத்துட்டா. மேடை விழுந்ததை பஸ்ஸுக்குள்ள இருந்து என் கண்ணால பார்த்தேன்."

"அம்மா, கொஞ்சம் மெதுவா. அவங்க ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க. மேலிடம் பாவம், எதைத்தான் நம்பும்?"

"அதுக்கு? சாகப்போறேன்னு சொல்லிட்டா சாவாங்க?"

"சொல்லிட்டுப் போனவங்களுக்கு நாங்க எந்த இடைஞ்சலும் பண்றதில்லையே. பெயிண்டர் வீட்டைப் பாருங்க."

பெயிண்டர் அன்று காலை மனைவியோடு சண்டை போட்டிருந்தார். "நான் செத்து ஒழிஞ்சாத்தான் உனக்கு நிம்மதி, செத்துப்போறேன் போ" என்று கத்திவிட்டுக் கிளம்பியிருந்தார். அவருடைய உடலை அன்று மாலையே கொடுத்துவிட்டார்கள். கூடவே "சொன்ன சொல் காத்தவர்" என்று பொறித்த ஒரு கேடயமும் கொடுத்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அந்த அம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுததைப் பிறகு பார்த்தேன்.

மேடை இயக்குகிறவர் பாடு அதைவிட மோசம். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கிளம்பியிருந்தார். போவதாகச் சொல்லாததால் அவர் போகவில்லை என்று முடிவாயிற்று. அலுவலகத்து ஆட்கள் அவர் வீட்டுக்கு வந்து, வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று கட்டிலடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் தேடினார்கள். கிடைக்காததால் வேலைக்கு வராமல் ஒளிந்திருப்பதாக அவர்மேல் நடவடிக்கை எடுத்தார்கள்.

நான் அதிகாரிக்கு விளக்கப் பார்த்தேன். "சார், இது வெறும் பேச்சு வழக்கு. நம்ம ஆளுங்க யாரும் போறேன்னு சொல்லிட்டு வாசலைத் தாண்ட மாட்டாங்க. போறேன்னு சொன்னா மனசு கேக்காது. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவன்கூட ஓனர்கிட்ட போயிட்டு வரேன்னுதான் சொல்றான். ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் ஆகுறவன் டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்னு சொல்றான். திரும்பி வரணும்னு ஆசையா சார் அவனுக்கு?"

அதிகாரியின் முகம் வெளுத்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அப்படீன்னா தினமும் ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் மேலிடத்துகிட்ட பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

"பொய் இல்ல சார். பிரியம்."

"பிரியம்னு ஒரு பிரிவு எங்ககிட்ட இல்ல. பொய்யா நிஜமா, ஒண்ணைச் சொல்லுங்க."

நான் மறுபடியும் ஃபேனைப் பார்த்தேன். பொய் என்று சொன்னால் செத்துப்போனவளைச் சிறையில் போடுவார்கள்போல இருந்தது.

விஷயம் இலக்கண வல்லுநர் குழுவுக்குப் போயிற்று. குழு மூன்று வாரம் கூடி ஆராய்ந்தது. "போயிட்டு" என்பது முடிந்துவிட்டது. அதில் குழப்பம் இல்லை. "வரேன்" என்பதில்தான் நுட்பம். வருவேன் என்று சொல்லியிருந்தால் எதிர்காலம், ஒருவேளை தவறலாம். அவர் வருகிறேன் என்றல்லவா சொல்லியிருக்கிறார்? அது நிகழ்காலம். ஆகவே அவர் தற்சமயம் வந்துகொண்டிருக்கிறார்.

"எங்கேயிருந்து வந்துகிட்டு இருக்காங்க?" என்று கேட்டேன்.

"கோபுரத்துக் குளிர்பதன அறையிலேருந்து" என்றார் விளக்க அதிகாரி.

"அங்கேயே போய் நான் கூட்டிட்டு வந்துடறேனே சார்."

"வந்துகிட்டு இருக்கிறவங்களை நடுவழியில யாராவது மறிப்பாங்களா?" என்று அவர் என்னைக் கடிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் மச்சினி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். "படிச்சவனுங்களா மாமா இவனுங்க? இவனுங்க பொண்டாட்டிங்க இவனுங்களுக்கு எப்படி டாட்டா காட்டுதுங்க?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். என் மனைவி செத்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் வேடிக்கை. குழுவின் முடிவைக் கொண்டாட "வருகைக் காத்திருப்பு விழா" என்று ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். பேனர் வேலை எங்கள் அச்சகத்துக்கே வந்தது. முதலாளி அந்தத் தாளை என்னிடமிருந்து மறைத்து வைத்தார்.

"வேற யாரையாவது விட்டு அடிச்சுக்கலாம்பா. நீ வீட்டுக்குப் போ."

"கொடுங்க முதலாளி. வேற யாராவது அடிச்சா தப்பும் தவறுமா அடிப்பாங்க" என்றேன்.

"வந்துகொண்டிருப்பவரை வருக வருக என வரவேற்கிறோம்." ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

விழா கோபுரத்தடியில், மேடை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது. தரையைக் கழுவிக் கம்பளம் விரித்திருந்தார்கள். எனக்கும் மச்சினிக்கும் முன்வரிசை. எங்களுக்கு நடுவே ஒரு காலி நாற்காலி போட்டிருந்தார்கள், வந்துகொண்டிருப்பவருக்கு. இயக்குநர் எழுந்தார். அவருடைய பட்டை தாடைவரை உயர்ந்து, ஓரத்தில் தங்கநிற நூல் ஓடியது. வானத்தைப் பார்த்தபடி பேசினார்:

"மேடை விழுந்தது என்று சிலர் சொல்கிறார்கள். கீழே வருவதற்காகத்தான் மேடையே கட்டப்பட்டது. அன்று வழக்கத்தைவிடச் சற்று விரைவாக வந்தது. அவ்வளவே. மேடை வழியாக மேலிடம் நம்மோடு பேசிவந்ததை நீங்கள் அறிவீர்கள். கடைசி நாட்களில் அந்தக் குரல் மிக உரத்து, ஏறக்குறைய அலறலாகவே ஒலித்தது. அந்த அளவுக்கு நம்மைப் பாராட்டுகிறார்கள் என்று புரிந்துகொண்டோம். எனக்குப் பதவி நீட்டிப்பும் கிடைத்தது. அந்தக் குரலுக்கு எண்ணெய் விடச் சொன்ன பணியாளர்களின் அறியாமையை நாங்கள் மன்னித்தோம். அந்தக் குரலின் மகத்துவத்தை நேரில் தாங்கும் தகுதி எனக்கில்லை என்ற பணிவால்தான் நான் ஒருநாளும் அந்த மேடையில் ஏறியதில்லை. எனக்கென்று பின்பக்கம் வேறொரு லிஃப்ட் வைத்துக்கொண்டேன். வாரம் தவறாமல் எண்ணெய் விடப்படுவதால் அது பேசுவதில்லை. அந்த இழப்பை நான் பொறுத்துக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். இயக்குநருக்குக் குரல் தழுதழுத்தது.

"இந்தப் பெண்மணி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மேலிடம் நம்பியிருக்கிறது. அவர் வீடு வந்து சேரக் குறுக்கே நிற்பவர் யாராயிருந்தாலும், அவர் மேலிடத்தை ஏமாற்றிய துரோகி!"

அப்போது என் பக்கத்தில் விசில் சத்தம் கேட்டது. மச்சினி எழுந்து நின்றிருந்தாள். டூட்டியிலிருந்து நேரே வந்திருந்ததால் காக்கிச் சட்டையும் விசிலும் இருந்தன. நெரிசலான பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் எட்டுகிற குரல் அவளுடையது. அதைத் தூக்கி வானத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மேல இருக்கிறவங்களே! நாங்க சொல்றதை நம்புறீங்கதானே? நான் சொல்றதையும் கேளுங்க. எங்க அக்கா போயிட்டு வரேன்னு சொன்னா. உயிரோட வரேன்னு சொல்லல. நடந்து வரேன்னு சொல்லல. வரேன்னு மட்டும்தான் சொன்னா. வந்துகிட்டு இருக்கிறவளைக் குளிர்ரூம்ல போட்டு வெளியில பூட்டி வெச்சிருக்காங்க. பூட்டினது யாரு தெரியுமா? இந்தா, பட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாரே, இவரு! எங்க அக்காவைப் பொய்க்காரி ஆக்குறதும் இவருதான். உங்களை ஏமாத்துறதும் இவருதான்!"

மேலே எதுவும் நடக்கவில்லை. சாம்பல் நிறம் சாம்பல் நிறமாகவே இருந்தது. கீழேதான் எல்லாம் நடந்தது. இயக்குநர் முதல்முறையாகக் குனிந்து மனிதர்களைப் பார்க்க முயன்றார், பட்டை விடவில்லை. விளக்க அதிகாரி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சாவி எடுக்க ஓடினார். அவர் கழுத்து இப்படியும் அப்படியும் நன்றாகத் திரும்பியதை எல்லோரும் பார்த்தார்கள்.

அன்றே என் மனைவி வீட்டுக்கு வந்தாள். அலுவலக வண்டியில், முன்னால் சைரன் ஒலிக்க வந்தாள். வண்டியின் பக்கவாட்டில் நான் அடித்த பேனரைக் கட்டியிருந்தார்கள். வருக வருக.

அவளைக் கூடத்தில் கிடத்தினோம். உறவுக்காரப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு, "எங்களை விட்டுட்டுப் போயிட்டியே" என்று தொடங்கினார்கள். கூடவே வந்திருந்த விளக்க அதிகாரி கையை உயர்த்தினார்.

"மன்னிக்கணும். போயிட்டியேன்னு சொல்லக் கூடாது. அவங்க இப்ப வந்திருக்காங்க. வந்துட்டியேன்னு சொல்லுங்க."

பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரை அடித்திருக்கலாம். இன்றுவரை ஏன் அடிக்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். மச்சினிதான் அக்காவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "வந்துட்டியே! இப்படி வந்துட்டியே! வரேன்னு சொல்லிட்டு இப்படியாக்கா வருவே?" எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வந்துட்டியே, வந்துட்டியே என்று வீடு அலறியது. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டி, காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்.

அடக்கம் செய்தோம். நான் கேட்டது அது ஒன்றுதான்; அது கிடைத்தது. அதற்கு அவர்கள் வாங்கிக்கொண்ட விலை பிறகுதான் புரிந்தது. என் மனைவி பணி முடிந்து வீடு திரும்பிவிட்டாள். பெயிண்டர் சொன்ன சொல் காத்தார். மேடை இயக்குகிறவர் வீட்டை விட்டே கிளம்பவில்லை. ஆகவே அன்று கோபுரத்தில் யாரும் சாகவில்லை. யாரும் சாகாததால் விபத்தும் இல்லை.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து, வீடு திரும்பியவர் ஏன் மறுநாள் வேலைக்கு வரவில்லை என்று விசாரித்தான். புதைத்த இடத்தைக் காட்டினேன். "நீண்ட விடுப்புன்னு போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புது மேடை கட்டினார்கள். அது ஓசையில்லாமல் ஏறி இறங்கியது. மேலிடம் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டது என்று அலுவலகமே நடுங்கியது. மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைசியில் பொறியாளர்கள் சக்கரத்தின் எண்ணெயைத் துடைத்தெடுத்து, உப்புநீர் தெளித்துத் துருவேற்றினார்கள். இப்போது மறுபடியும் கிறீச்சிடுகிறது. "மிக மிக மகிழ்ந்தோம்" என்று போன வாரம் அச்சடித்தோம்.

வேலைக்குக் கிளம்புகிறவர்கள் "போகிறேன், வருவது மேலிடத்தைப் பொறுத்தது" என்றுதான் சொல்ல வேண்டும் என உத்தரவு வந்திருக்கிறது. எங்கள் தெருவில் குழாய்க்கு நேராக அதை உரக்கச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்ததும் மெதுவாகப் போயிட்டு வரேன் என்கிறார்கள்.

மச்சினி டூட்டி முடிந்து சில நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். நான் உள்ளே ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். பின்னால் வந்து நின்று, "மாமா" என்று கூப்பிட்ட பிறகுதான் அவள் வந்ததே எனக்குத் தெரியும். வாசல் கதவு இன்னும் சத்தம் போடுவதில்லை.